சத்தமாகப் பேசிய வீடு

காதுப் பரிசோதனை அறையின் கதவு மூடியதும், நான் எச்சில் விழுங்கும் சத்தம் எனக்கே கேட்டது.

அடையாறில் ஒரு காது, மூக்கு, தொண்டை மருத்துவரின் கிளினிக். அதன் மாடியில், பீரோவைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பெட்டி. உள்ளே ஒரு நாற்காலி. சுவரெல்லாம் சாம்பல் நிறப் பஞ்சு. என் தலையில் ஹெட்போனை மாட்டிவிட்டு, பரிசோதனை செய்யும் பெண் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள். என் பழைய மாணவிகளின் வயதுதான் இருக்கும்.

"சத்தம் கேட்டா கையைத் தூக்குங்க மேடம். ரொம்ப மெல்லிசா கேட்டாக்கூடத் தூக்கணும்" என்று சொல்லியிருந்தாள்.

தூக்கினேன். குருவி கத்துவதுபோல ஒன்று. தூரத்தில் கப்பல் சங்கு ஊதுவதுபோல ஒன்று. அதெல்லாம் சிரமமாக இல்லை. ஒரு சத்தத்துக்கும் அடுத்த சத்தத்துக்கும் நடுவில் வந்த அமைதிதான் என்னை என்னவோ செய்தது. எழுந்து நின்றுவிட்டேன்.

அந்தப் பெண் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தாள். "மூச்சு முட்டுதா மேடம்?"

"இல்லம்மா. யாருமே இல்லாத மாதிரி இருக்கு."

அவள் சிரிக்கவில்லை. கதவைக் கொஞ்ச நேரம் திறந்து வைத்தாள். கீழே பேருந்து ஒன்று பிரேக் போட்ட சத்தம் வந்தது. அதன் பிறகு மறுபடி உள்ளே உட்கார்ந்து மீதிப் பரிசோதனையையும் முடித்தேன்.

நான் அங்கே போனதற்குக் காரணம் என் கணவர் ரகு. "கலா, நான் பக்கத்துலதான் இருக்கேன்" என்று எங்கள் கல்யாணத்தின் முதல் வாரத்தில் சொல்ல ஆரம்பித்தவர், இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் கோபாலபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் இயற்பியல் டீச்சர். என் வகுப்புக்குப் பக்கத்து வகுப்பில் தமிழ் எடுப்பவர், "டீச்சர், உங்க புண்ணியத்துல என் பிள்ளைங்களும் நியூட்டன் விதியெல்லாம் சொல்றாங்க" என்றார். வயதாகிறதே, காதில்தான் கோளாறோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அந்தப் பெண் ஒரு வரைபடத்தை நீட்டினாள். "காதுல ஒண்ணுமே இல்ல மேடம். உங்க வயசுக்கு இது ரொம்ப நல்ல காது."

"அப்புறம் நான் ஏன் இப்படிக் கத்துறேன்?"

"சின்ன வயசுல வீட்ல யாருக்காவது காது கேக்காதா? அப்படி இருந்தா சில பேருக்குச் சத்தமாப் பேசுற பழக்கம் வந்துடும்."

"எங்க வீட்லயா? எல்லாருக்கும் கொஞ்சம் அதிகமாவே கேக்குமே!" என்றேன்.

பொதுச் சுவர்

போன வாரம் இந்தத் தொடரில், நான் வளர்ந்த பிளாக்கின் படிக்கட்டைப் பற்றி எழுதியிருந்தேன். இந்த வாரம் சுவர்கள்.

மந்தைவெளியைத் தாண்டிக் கடலுக்குப் போகிற பக்கத்தில், குடிசைகளை எடுத்துவிட்டுக் கட்டிய குடியிருப்பு அது. வரிசை வரிசையாகப் பிளாக்குகள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அறை, அதன் மூலையில் அடுப்பு மேடை. எங்கள் வீடு மூன்றாவது மாடி. அம்மா, அப்பா, நான், தம்பி நால்வரும் அந்த ஓர் அறையில்தான். அப்பா பெயின்டர். ஊரில் உள்ள சுவருக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்தவர், எங்கள் சுவரைத் தொட்டதே இல்லை. "அடிச்சா பெயின்ட் கனத்துல வுழுந்துடும்" என்பார்.

பாதி நிஜம்தான். நாங்கள் காலண்டர் மாட்ட ஆணி அடித்தால், பக்கத்து வீட்டில் மாதா படம் சாய்ந்துவிடும். அடுத்த வீட்டு குக்கர் விசில் அடித்தால் என் தம்பி எங்கள் அடுப்பை அணைத்துவிடுவான். யார் வீட்டில் இருமல், யார் வீட்டில் சண்டை, யாருக்குப் பரீட்சையில் என்ன மார்க், எல்லாம் எல்லோருக்கும் தெரியும். ரகசியம் பேசவேண்டும் என்றால் அம்மா ரேடியோவைச் சத்தமாக வைப்பாள். ரேடியோ திடீரென்று சத்தமானால் அந்த வீட்டில் ரகசியம் பேசுகிறார்கள் என்று பிளாக்கே புரிந்துகொள்ளும்.

தண்ணீர்க் குழாய் கீழே, எங்கள் பிளாக்குக்கும் எதிர் பிளாக்குக்கும் நடுவில். மூன்றாவது மாடி வராந்தாவிலிருந்து அம்மா கீழே பேசுவாள். மற்றவர்கள் செல்போன் வந்த பிறகு கற்றுக்கொண்டதை அவள் வெறும் தொண்டையால் செய்தாள். "ஏ சரசு! என் கொடத்தைத் தள்ளாத, வந்துக்கினே கீறேன்!"

இப்படிப்பட்ட இடத்தில் வளர்ந்தவர்களிடம் சில அடையாளங்கள் தங்கிவிடுகின்றன. நானே என்னை ஒரு சோதனைக்கூட எலியைப் போலக் கவனித்து வருகிறேன். இன்றைக்கும் விடியற்காலையில் எங்கேயாவது தண்ணீர் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டால் விழித்துக்கொள்கிறேன். எங்கள் அடையாறு பிளாட்டில் நாள் முழுக்கத் தண்ணீர் வருகிறது. ஆனாலும் குளியலறையில் எல்லா வாளிகளும் நிறைந்திருந்தால்தான் எனக்குத் தூக்கம். படிக்கட்டில் எதிரே யார் வந்தாலும் சுவரோடு ஒட்டி நின்று வழிவிடுகிறேன், எவ்வளவு அகலமான படிக்கட்டாக இருந்தாலும். பகலில் ஒரு கதவு சாத்தியிருந்தால் உள்ளே ஏதோ ஆகிவிட்டது என்று மனசு அடித்துக்கொள்கிறது. எங்கள் பிளாக்கில் பகலில் சாத்திய கதவு என்றால் சாவு அல்லது சண்டை.

சத்தமாகப் பேசுவதையும் இந்தப் பட்டியலில்தான் சேர்த்து வைத்திருந்தேன். குடியிருப்பு கொடுத்த பழக்கம், அவ்வளவுதான் என்று.

மயிலாப்பூர் மாமியார்

ரகுவின் அம்மா பாட்டு டீச்சர். மயிலாப்பூரில் கோயிலுக்குப் பின்னால் வீடு. மாலையில் பிள்ளைகள் வந்து பாயில் உட்கார்ந்து பாடுவார்கள். அந்த வீட்டில் கோபத்தைக்கூட மெதுவாகத்தான் சொல்வார்கள்.

மருமகளாகப் போன புதிதில் ஒருநாள் சமையலறையிலிருந்து, "அத்தை, காபி கலக்கட்டுமா?" என்று கேட்டேன். கூடத்தில் பாடிக்கொண்டிருந்த பெண் பாட்டை நிறுத்திவிட்டாள்.

மாமியார் உள்ளே வந்தார். "ஏண்டிம்மா, நான் அடுத்த தெருவுலயா இருக்கேன்? ஆத்துல யாரும் செவிடு இல்லையே" என்றார். எனக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் அதைக் கவனித்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா ஒண்ணு சொல்றேன், சாரீரம் நன்னா இருக்கு. எங்கே பிடிச்சே இந்தக் குரலை?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுத்தான் கேட்டார்.

"எங்க பிளாக்ல எல்லாரும் இப்படித்தான் அத்தை" என்றேன்.

அது உண்மையில்லை என்று பிறகுதான் யோசித்தேன். குழாயடியில் எல்லோரும் கத்துவார்கள், சரி. ஆனால் சரசு அத்தை தன் வீட்டுக்குள் வந்துவிட்டால் சாதாரணமாகத்தான் பேசுவாள். எதிர் வீட்டு மாரி அண்ணன் பேசுவது பக்கத்தில் போனால்தான் கேட்கும். வீட்டுக்குள்ளும் கத்திப் பேசியது நாங்கள் மட்டும்தான். ஏன்?

மத்தியான போன்

குடியிருப்பை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறோம் என்று சொல்லி எல்லோரையும் காலி செய்யச் சொன்ன பிறகு, அம்மா எங்களோடு அடையாறுக்கு வந்துவிட்டாள். அப்பா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். எங்கள் பக்கத்து வீட்டு பிலோமினாக்கா, ஊரூர் ஒல்காட் குப்பத்தில் இருக்கும் தன் மகள் வீட்டுக்குப் போனாள்.

மாதா படம் சாய்ந்த வீடு என்றேனே, அது பிலோமினாக்கா வீடுதான். கூடையில் மீன் சுமந்து தெருத் தெருவாக விற்றவள். புருஷன் குடித்துவிட்டு வந்து அடிப்பான். சத்தம் கேட்டவுடன் அம்மா கரண்டியோடு ஓடுவாள், பின்னாலேயே நாலு பெண்கள் ஓடுவார்கள். ஒருநாள் அவன் போனவன் போனவன்தான், திரும்பி வரவில்லை. பிலோமினாக்காவும் மகளும் பாதி நாள் எங்கள் வீட்டில்தான் இருந்தார்கள்.

இப்போது தினமும் மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் அம்மா அவளுக்குப் போன் போடுவாள். "பிலோ! இன்னா கொழம்பு? இன்னாது? நெத்திலியா?" அவளுக்கு மட்டுமா, எங்கள் கட்டடம் முழுவதற்கும் கேட்கும். எந்தத் தளத்தில் இருந்தாலும் அன்றைக்குக் குப்பத்தில் என்ன மீன் என்று தெரிந்துவிடும்.

நான் காதுப் பரிசோதனைக்குப் போய்வந்த அதே வாரம், குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. மத்தியான நேரத்தில் சண்டைச் சத்தம் கேட்கிறது, வயதானவர்கள் தூங்க முடியவில்லை, சம்பந்தப்பட்ட வீட்டார் கவனிக்கவும். வீட்டு எண் போடவில்லை. போடவேண்டிய அவசியமும் இல்லை.

அம்மாவிடம் பக்குவமாகத்தான் சொன்னேன். "போன்ல கொஞ்சம் மெதுவாப் பேசும்மா."

மறுநாள் அம்மா போன் போடவில்லை. அதற்கு மறுநாளும் போடவில்லை. சாப்பிட்டுவிட்டு பால்கனியில் போய் உட்கார்ந்துகொண்டாள். பிலோமினாக்காவிடமிருந்து போன் வந்தது. மணி அடித்து ஓயும்வரை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏம்மா எடுக்கல? பேச வேணாம்னா சொன்னேன், மெதுவாப் பேசுன்னுதானே சொன்னேன்."

"மெதுவாப் பேசுனா அவளுக்குக் கேக்காதுடி. கேக்காத பேச்சு எதுக்கு?"

"யாருக்குக் கேக்காது?"

அம்மா என்னைப் பார்த்தாள். தெரியாத்தனமாக வாயை விட்டுவிட்டாள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"பிலோவுக்கு ஒரு காது கேக்காது. அந்தப் பாவி அடிச்சதுல போச்சு."

இருமினால்கூடத் தெரிந்துவிடுகிற பிளாக். அங்கே ஒரு பெண்ணுக்குக் காது போனது யாருக்கும் தெரியவில்லையா?

"எப்பத் தெரியும் உனக்கு?"

"சஜ்ஜா வுழுந்தப்போ" என்றாள் அம்மா.

சஜ்ஜா

ஜன்னலுக்கு மேலே மழைக்காக நீட்டிக்கொண்டிருக்கும் சிமென்ட் பலகையை எங்கள் பக்கம் சஜ்ஜா என்போம். அது விழுந்த காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மழைக்காலம் முடிந்து கொஞ்ச நாள். அம்மா வராந்தாவில் நின்றபடி எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். கீழே எங்கள் பிளாக்கின் சுவரை ஒட்டிக் குடங்கள் வரிசையாக நின்றன. சுற்றிலும் பெண்கள்.

அம்மாவின் கை பின்னலில் நின்றது. கைப்பிடிச் சுவருக்கு வெளியே எட்டிப் பார்த்தாள். எங்களுக்குக் கீழே, இரண்டாவது மாடி சஜ்ஜாவிலிருந்து மாவு சலிப்பதுபோல வெள்ளையாகத் தூள் கொட்டிக்கொண்டிருந்தது. தூள் விழுந்த இடத்தில் குடத்தின் மேல் சின்னச் சின்னதாகச் சத்தம்.

"நவுருங்கடி! சஜ்ஜா வுழுது, நவுருங்கடி!"

அந்த மாதிரி ஒரு சத்தத்தை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. என் காது கிர்ரென்றது. எதிர் பிளாக்கில் மோதி அந்தச் சத்தம் திரும்பி வந்தது. பெண்கள் குடத்தைப் போட்டுவிட்டு நாலு பக்கமும் சிதறினார்கள். பிறகு இடி இறங்கியதுபோல ஒன்று. புழுதி மூன்றாவது மாடிக்கு மேலே எழும்பியது. நான் இருமிக்கொண்டே அம்மாவின் புடவையைப் பிடித்தேன், அம்மா அங்கே இல்லை. கீழே ஓடிக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் தப்பித்தார்கள், பிலோமினாக்காவைத் தவிர. அவளுக்கும் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. இடது பாதத்தின் மேல் பலகை விழுந்துவிட்டது. நசுங்கிய பித்தளைக் குடங்களுக்கு நடுவே அவள் உட்கார்ந்திருந்ததும், ஓர் ஆணின் தோளில் கையும் அம்மாவின் தோளில் கையுமாக அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியதும் எனக்கு நினைவில் இருப்பவை. மிச்சத்தை இப்போதுதான் அம்மா சொன்னாள்.

அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளுடைய இடது பக்கம் நின்று ஏதோ கேட்டாராம். பிலோமினாக்கா மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு பேசாமல் படுத்திருந்தாளாம். வலியில் இருக்கிறாள் என்று டாக்டர் நினைத்தார். அம்மாவுக்கு மட்டும் ஏதோ பொறி தட்டியது. குனிந்து அதே பக்கத்தில் அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தாள். பிலோமினாக்கா திரும்பவில்லை. வலது பக்கம் போய்க் கூப்பிட்டாள். திரும்பினாள். திரும்பிய உடனே அம்மா கண்டுபிடித்துவிட்டாள் என்று அவளுக்கும் புரிந்துவிட்டது.

"யாராண்டயும் சொல்லாத யக்கா. செவுட்டுப் பொம்பளைன்னு பேர் வெச்சிடுவாங்க. நாளைக்கு என் பொண்ணுக்கு ஒரு மாப்ள வரும்போது அதையும் சேத்துப் பேசுவாங்க" என்று அழுதாளாம்.

அம்மா சொல்லவில்லை. அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லோரும் சத்தமாகப் பேசவேண்டும் என்று ஒரு சட்டம் வந்துவிட்டது. மெதுவாகப் பேசினால், "வாய்ல கொழுக்கட்டையா? தெளிவாச் சொல்லு!" என்று அதட்டுவாள். பிலோமினாக்கா எந்த நேரமும் வீட்டுக்குள் வந்து போகிறவள். எங்கள் பேச்சு அவளுக்கு எட்டவேண்டும், ஏன் கத்துகிறோம் என்பது யாருக்கும் தெரியக்கூடாது. அதற்கு அம்மா கண்டுபிடித்த வழி, மொத்தக் குடும்பத்தையும் கத்த வைப்பது.

நான் அந்தச் சட்டத்தில் வளர்ந்தேன். சட்டம் மறந்துவிட்டது, தொண்டை மறக்கவில்லை.

பாதம் சரியாகக் கூடாததால் பிலோமினாக்காவால் அதன் பிறகு கூடை சுமந்து நடக்க முடியவில்லை. மார்க்கெட் முனையில் ஒரே இடத்தில் உட்கார்ந்து விற்றாள். அவள் வீட்டுத் தண்ணீரை அம்மாதான் மூன்று மாடி தூக்கினாள், குடியிருப்பைக் காலி செய்யும்வரை.

இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு அம்மா பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "நான் இன்னும் கொஞ்சம் சத்தமாக் கத்தியிருந்தா அவ கால் நல்லா இருந்திருக்கும்டி" என்றாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இத்தனை வருஷமும் அம்மா வெறுமனே பேசவில்லை. அன்றைக்குப் போதாமல் போனதாக அவள் நினைத்த சத்தத்தைச் சேர்த்துச் சேர்த்துப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஆட்டோ தூரம்

"போன்ல வேணாம். நேர்ல போய்ப் பாத்துட்டு வரலாம் வா" என்றேன்.

எங்கள் வீட்டிலிருந்து குப்பத்துக்கு ஆட்டோவில் சீக்கிரம் போய்விடலாம். இவ்வளவு பக்கத்தில் இருந்தும், காலி செய்த பிறகு அவர்கள் இருவரும் ஒருமுறைகூடச் சந்திக்கவில்லை. முழங்கால் வலி என்று அம்மா தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தாள். கிளம்பிய அன்றைக்குத்தான் எனக்குக் காரணம் தெரிந்தது. பீரோவைத் திறந்துவைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். "இன்னா பொடவை கட்றது? இன்னா வாங்கிக்கினு போறது? பூவா, பழமா?" நைட்டியோடு, கையில் கரண்டியோடு, நினைத்த நேரத்தில் நுழைந்த வீடு. அந்த வீட்டுக்காரியைப் பார்க்க விருந்தாளியைப் போல எப்படிப் போவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

கடைசியில் வீட்டில் செய்த மாவடுவைக் கொஞ்சம் டப்பாவில் போட்டுக்கொண்டாள்.

பெசன்ட் நகர் கடற்கரையின் கோடியில் ஆட்டோ நின்றது. படகுகளுக்கும் குவித்து வைத்த வலைகளுக்கும் இடையே புகுந்து, கை நீட்டினால் இரு பக்கமும் தொடக்கூடிய சந்து ஒன்றில் நடந்தோம். கருவாட்டு வாசனை. பிலோமினாக்கா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முடி முழுக்க நரைத்திருந்தது. எங்களைப் பார்த்ததும் எழப் பார்த்து, முடியாமல், இரண்டு கையையும் நீட்டினாள்.

"யக்கோவ்! போனை எடுக்க மாட்டேன்ற. செத்துக் கித்துப் போய்ட்டியோன்னு பயந்துட்டேன்!"

"நான் எதுக்குடி சாவறேன்! எப்டி கீற பிலோ?" என்றாள் அம்மா. சந்தின் கோடியில் வலை பின்னிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

பிலோமினாக்கா தன் வலது பக்கத்தில் கிடந்த முக்காலியைத் தட்டிக்காட்டினாள். அம்மா அதில் உட்கார்ந்தாள். நான் பின்னால் வாசற்படியில். அம்மா முழு வேகத்தில் பேச ஆரம்பித்தாள். லிப்ட், முழங்கால், கீழ் வீட்டுக்காரர்கள், வாட்ஸ்அப். பிலோமினாக்கா சாதாரணமாகப் பதில் சொன்னாள். நடுவில் என்னைத் திரும்பிப் பார்க்காமலே, "கலா, காபி போடச் சொல்லவா?" என்றாள்.

"வேணாம்கா, தண்ணி போதும்" என்றேன். அம்மா பேசிக்கொண்டிருந்ததால் தாழ்ந்த குரலில்தான் சொன்னேன். எனக்குத் தெரிந்த அளவுக்குத் தாழ்ந்த குரலில்.

"பானைல கீது பாரு, ஜில்லுனு" என்றாள் பிலோமினாக்கா, இன்னும் திரும்பாமல்.

எழுந்தவள் நின்றுவிட்டேன். ஒரு டீச்சரின் கெட்ட பழக்கம், கேள்வி வந்துவிட்டால் அடக்க முடியாது.

"அக்கா, நான் இவ்ளோ மெதுவாப் பேசுறது உங்களுக்குக் கேக்குதா?"

"ஏன் கேக்காது?"

"அம்மா சொன்னாங்க… ஒரு காது…"

பிலோமினாக்கா அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "வாய் தவறிடிச்சு பிலோ."

"சொன்னா சொல்லிட்டுப் போ. என் பொண்ணுக்குப் பேரப்புள்ளையே வரப்போவுது, இனிமே யாருக்கு பயம்?" என்று சிரித்தாள் பிலோமினாக்கா. "ஒரு காதுதான போச்சு? இன்னொண்ணு நல்லா கீதே. இந்தப் பக்கம் கொசு பறந்தாக்கூடக் கேக்கும்."

அம்மா தலையைத் தூக்கினாள். "அப்ப போன்ல?"

"போனை இந்தப் பக்கம்தான வெப்பேன். நீ கத்துறதால ஒரு ஜாண் தள்ளி வெச்சுக்குவேன்."

"அடிப்பாவி! வீட்ல இத்தினி வருசம் கத்துனேனே!"

"ஆசையாக் கத்துற. வேணாம்னா உன் மனசு கஷ்டப்படும்னு வுட்டுட்டேன் யக்கா."

எனக்குச் சிரிப்பு வந்தது. வாயைத் திறக்கும் முன் அம்மாவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். அம்மா சிரிக்கவில்லை. அவள் குரல் மாறியிருந்தது.

"அப்ப அன்னிக்கு? சஜ்ஜா வுழுந்த அன்னிக்கு நான் கத்துனது?"

அம்மா என்ன கேட்கிறாள் என்பது பிலோமினாக்காவுக்கு மெல்ல மெல்லத்தான் புரிந்தது. கையை எடுத்து அம்மாவின் தொடைமேல் வைத்தாள்.

"கேட்டுச்சு யக்கா. நல்லாக் கேட்டுச்சு. எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுன்னுதான் புரியல. எதுர் பிளாக்லேர்ந்து யாரோ கத்துற மாதிரி இருந்துச்சு. அங்கதான் வுழுதுன்னு நெனச்சு கொழாயாண்டேர்ந்து நம்ம பிளாக்கு செவுத்தாண்ட ஓடுனேன்."

நான் வருஷா வருஷம் வகுப்பில் நடத்துகிற பாடம் இது. ஒரு சத்தம் இரண்டு காதுகளுக்கும் வந்து சேருவதில் உள்ள துளி வித்தியாசத்தை வைத்துத்தான் அது எந்தத் திசை என்று நமக்குத் தெரிகிறது. ஒரு காது போய்விட்டால் சத்தம் கேட்கும், திசை தெரியாது. எதிர் பிளாக்கில் மோதித் திரும்பிய குரல் அவளை ஏமாற்றிவிட்டது. அம்மா அதைப்போல இரண்டு மடங்கு கத்தியிருந்தாலும் அவள் எங்கள் பிளாக் பக்கம்தான் ஓடியிருப்பாள்.

இதை நான் அம்மாவுக்கு விளக்கிச் சொல்ல வாயெடுத்தேன். தேவைப்படவில்லை.

"ஏன்டி இத்த இத்தினி வருசமாச் சொல்லல?" என்றாள் அம்மா.

"நீ கேட்டியா? நீ பாட்டுக்குத் தண்ணி தூக்கிக்கினு வந்த, சோறு வெச்ச, கத்துன. நீ இத்த மனசுல வெச்சிக்கினு கீறன்னு எனக்கு இன்னா தெரியும்?"

அம்மா குனிந்து, பிலோமினாக்காவின் இடது பாதத்தை, ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்த அந்த விரல்களை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். பிலோமினாக்கா காலை இழுத்துக்கொண்டாள். "வுடு யக்கா, கூசுது."

அப்புறம் இருவரும் மாவடுவை எடுத்துக் கடித்தார்கள். உப்பு அதிகம் என்றாள் பிலோமினாக்கா. உனக்கு எப்பவும் நாக்கு நீளம் என்றாள் அம்மா. வெயில் சாயும்வரை இருந்தோம். மகள் மீன் விற்றுவிட்டு வந்ததும் ஒரு பையில் நெத்திலி போட்டுக் கொடுத்தாள்.

திரும்பும்போது ஆட்டோவில் அம்மா வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். பெசன்ட் நகர் பஸ் டிப்போ அருகே ஒரே நெரிசல். முன்னால் ஒரு பேருந்து, பக்கத்தில் ஹாரன் அடித்துக்கொண்டு ஒரு வேன். அதற்கு நடுவில் அம்மாவின் உதடு அசைந்தது. என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. என் வாழ்க்கையில் முதல்முறையாக அம்மா சொன்னது எனக்குக் கேட்கவில்லை.

அவள் பக்கம் சாய்ந்து, "இன்னாம்மா?" என்றேன்.

அம்மா குரலை உயர்த்தவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி சொன்னாள்.

"அன்னிக்கு அவளுக்குக் கேட்டுக்கீதுடி."